இரட்டிப்பு சரி, எதன் இரட்டிப்பு?

மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும் என்பது சட்டம். தாம்பரம் சானடோரியத்தில், ‘மெப்ஸ்’ என்று ஊரே அழைக்கும் ஏற்றுமதி வளாகத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் அந்த வாரத்துப் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: “ஓ.டி. எவ்வளவு ஏறுச்சு?” பேசிக்கும் பஞ்சப்படியும் மாதாமாதம் மாறாதவை, கேட்டுத் தெரிந்துகொள்ள அவற்றில் ஒன்றுமில்லை. மாறுவது ஓ.டி. மட்டும்தான். வாடகை ஏறினாலும், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டி வந்தாலும் கைகொடுப்பதும் அதுதான். ஆனால், அந்தத் தொகை எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் உதட்டைப் பிதுக்குவார்கள். “ஆபீஸ்ல போடுறாங்க, வருது.”

ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆவது பிரிவு அதைத் தெளிவாகவே சொன்னது: ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலோ, ஒரு வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கினால், கூடுதல் நேரத்துக்கு வழக்கமான ஊதிய விகிதத்தைப்போல இரண்டு மடங்கு தர வேண்டும். இந்த ‘இரண்டு மடங்கு’ பற்றி எந்த நிர்வாகமும் வெளிப்படையாகச் சண்டை போடுவதில்லை. சண்டை எல்லாம் எதை இரண்டால் பெருக்குவது என்பதில்தான். அதில் தோற்றவர்கள் பெரும்பாலும், ஒரு சண்டை நடந்ததே தெரியாமல் தோற்றவர்கள்.

ஒரு சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி 5,200, பயணப்படி 2,600. ஆக மொத்தம் 20,800 ரூபாய். மாதத்துக்கு 26 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம், அதாவது 208 மணி நேரம். மொத்தச் சம்பளத்தை வகுத்தால் ஒரு மணிக்கு சரியாக 100 ரூபாய், ஓ.டி.க்கு 200. படிகளை ஒதுக்கிவிட்டு 13,000-ஐ மட்டும் வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு, ஓ.டி. 125 ரூபாய். அதே 13,000-ஐ 26-க்குப் பதிலாக 30 நாளால் வகுத்தால் ஓ.டி. 108 ரூபாய்ச் சொச்சத்துக்கு இறங்கிவிடும். “டபுளெல்லாம் இல்லப்பா, சிங்கிள்தான்” என்று சொல்லும் இடங்களும் புறநகரில் இல்லாமலில்லை. அங்கே கிடைப்பது மணிக்கு 54 ரூபாய். ஒரே ஆள், ஒரே மெஷின், ஒரே ஒரு மணி நேரம். மாதம் 40 மணி நேரம் ஓ.டி. பார்த்தவருக்கு முதல் கணக்கில் 8,000 ரூபாய், கடைசிக் கணக்கில் 2,167.

இந்த 26, 30 விவகாரம் பார்க்கச் சின்னதாகத் தெரியும். மாதச் சம்பளத்தில் வார விடுமுறைக்கான கூலியும் அடங்கியிருக்கிறதா, இல்லையா என்பதுதான் அதன் அடியில் இருக்கும் கேள்வி. பணிக்கொடை விஷயத்தில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், ஒரு நாள் கூலி என்பது மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து வருவதே என்று தீர்ந்தது. பிறகு அந்தச் சட்டத்திலேயே 26 என்று எழுதிவிட்டார்கள். தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆவது பிரிவில் அப்படி ஒரு எண் இருந்ததில்லை. சட்டம் விட்ட இடத்தை, எக்செல் ஷீட்டை வைத்திருப்பவர் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்கிறார்.

தமிழ்நாட்டு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் போய் உழைக்கும் சிங்கப்பூரில் ஓ.டி. ஒன்றரை மடங்குதான், அதுவும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். ஆனால், மாத அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம் என்று வகுக்க வேண்டும் என்ற சூத்திரத்தை அந்நாட்டு மனிதவள அமைச்சகமே சொல்லிவிடுகிறது. மலேசியச் சட்டத்திலும் 26 என்ற வகுஎண் உண்டு. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் தன் ஓ.டி.யைத் தானே கணக்குப் போடுவார். மடங்கு அதிகம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். கணக்கு அங்கேதான் வெளிச்சத்தில் இருக்கிறது.

படிகளைச் சேர்ப்பதா, விடுவதா என்ற கேள்விக்கு விடை சென்னையின் மறுகோடியிலிருந்து வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் ராணுவ டாங்குகள் செய்யும் தொழிலாளர்கள், தங்கள் ஓ.டி. கணக்கில் வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, உடை மற்றும் சலவைப்படி, சிறு குடும்பப்படி ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 59-ஆவது பிரிவு ‘வழக்கமான ஊதிய விகிதம்’ என்பதை அடிப்படை ஊதியமும் தொழிலாளிக்கு உரிய படிகளும் சேர்ந்தது என்றே விளக்கியது. மலிவு விலையில் தானியம் கொடுத்தால் அந்தச் சலுகையின் மதிப்பையும் சேர்க்கச் சொன்னது. போனஸையும் ஓ.டி. பணத்தையும் மட்டுமே விலக்கியது. இவ்வளவு வெளிப்படையான வாசகத்தை வைத்துக்கொண்டே, அமைச்சகக் கடிதங்களின் பேரில் படிகளை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் தோற்ற தொழிற்சங்கம், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றது. மத்திய அரசு விடவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2026 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தொழிலாளர் பக்கமே நின்றது: நாடாளுமன்றம் எழுதியதை அமைச்சகத்தின் கடிதம் திருத்த முடியாது.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு உறுதியான வெற்றி. ஆனால், அந்தத் தீர்ப்பு வந்தபோது, அது எந்தச் சட்டத்துக்குப் பொருள் சொன்னதோ அந்தச் சட்டமே இல்லை. 2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, தொழிற்சாலைகள் சட்டத்தைத் தனக்குள் கரைத்துவிட்டது. ஆவடித் தீர்ப்பு பழைய நிலுவைகளுக்கு உதவும். இனிமேல் பார்க்கப்போகும் ஓ.டி.க்கு வேறு கணக்கு.

புதிய தொகுப்பிலும் இரண்டு மடங்கு அப்படியே இருக்கிறது. சில அம்சங்கள் பழையதைவிட நன்றாகவே இருக்கின்றன. ஓ.டி.யை நாள் கணக்கில் பார்ப்பதா, வாரக் கணக்கில் பார்ப்பதா என்றால், தொழிலாளிக்கு எது லாபமோ அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். தொழிலாளி சம்மதித்தால்தான் ஓ.டி. வாங்கலாம். (சூப்பர்வைசர் வந்து நின்று “இன்னிக்கு இருந்துட்டுப் போங்க” என்று சொல்லும்போது அந்தச் சம்மதம் என்னவாகிறது என்பது வேறு கதை.) சிக்கல் ‘ஊதியம்’ என்பதன் வரையறையில் இருக்கிறது. புதிய வரையறை வீட்டு வாடகைப்படியையும் பயணப்படியையும் பெயர் சொல்லி வெளியே நிறுத்துகிறது. விலக்கப்பட்ட இனங்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய அளவு மட்டும் திரும்ப ஊதியத்தில் சேரும். பாதிக்குக் கீழே அடிப்படையைக் குறைத்து வைத்து பி.எஃப்., பணிக்கொடையை ஏய்ப்பதைத் தடுக்கத்தான் இந்த ஐம்பது சதவீத விதி. அந்த வகையில் அது நல்ல விதிதான்.

ஓ.டி.க்கு அதையே பொருத்திப் பாருங்கள். நம் பழைய சீட்டில் படிகள் 7,800 ரூபாய், பாதிக்குக் குறைவு. ஆகவே ஊதியம் 13,000, ஓ.டி. மணிக்கு 125 ரூபாய். ஆவடிக் கணக்கில் வரவேண்டிய 200 எங்கே, இது எங்கே? நிர்வாகம் சீட்டை இன்னும் கொஞ்சம் மாற்றி எழுதி, பேசிக்கையும் பஞ்சப்படியையும் 8,320 ரூபாய் என்று வைத்தால், விதி அதைப் பாதி அளவுக்கு, அதாவது 10,400-க்கு உயர்த்தும். அதை 208-ஆல் வகுத்தால் மணிக்கு 50 ரூபாய். இரட்டித்தால் 100. அந்தத் தொழிலாளிக்குச் சாதாரண நேரத்தில் ஒரு மணிக்குக் கைக்கு வரும் மொத்தச் சம்பளமும் அதே 100 ரூபாய்தான். சட்டப் புத்தகத்தில் இரட்டை, சம்பளச் சீட்டில் ஒற்றை. யாரும் எந்த விதியையும் மீறவில்லை.

இது வெறும் தொழிலாளியின் பை சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தால்கூட முக்கியம்தான். ஆனால், இரட்டைக் கூலி என்பதை உழைத்தவனுக்குக் கொடுக்கும் வெகுமதியாக மட்டும் பார்ப்பது சரியில்லை. அது முதலாளிக்குப் போட்ட பிரேக். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை நிறுத்தி வைப்பது, இன்னொருவரைப் புதிதாக எடுப்பதைவிட அதிகச் செலவாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். புதிதாக ஆள் எடுத்தால் பி.எஃப்., போனஸ், பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் எல்லாம் கூடவே வரும். ஓ.டி. பணத்துக்கு பி.எஃப். பிடித்தம் கிடையாது, அதை 1962-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரட்டை ஒற்றையாகிவிட்டால், ஏற்கெனவே களைத்துப் போனவரையே இன்னும் நான்கு மணி நேரம் நிறுத்துவது மலிவு. ஓரகடத்திலும் மறைமலை நகரிலும் வேலை தேடி பயோடேட்டாவோடு அலையும் ஐ.டி.ஐ. பையனுக்கு அங்கே இடமில்லை.

முதலாளிகள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் பெரிய கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைக்காரருக்கு, இரண்டு வாரத்துக்கு ஆர்டர் குவியும், மூன்றாவது வாரம் மெஷின் சும்மா நிற்கும். அந்த இரண்டு வாரத்துக்காக ஆள் எடுத்துப் பிறகு அனுப்ப முடியாது. தொழிலாளர்களும் ஓ.டி. கேட்டு வாங்குகிறார்கள், ஓ.டி. இல்லாத மாதத்தில் முகம் வாடுபவர்கள் அவர்களே. இதெல்லாம் உண்மை. ஓ.டி. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு உரிய விலையைக் கொடு என்பதுதான் சட்டம் முதலில் சொன்னது.

அந்த விலையைக் குறைக்க அரசுகளே முயன்ற கதைகள் பழசாகிவிடவில்லை. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 17-ஆம் தேதி, குஜராத் அரசு ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு அனுமதி கொடுத்து, கூடுதல் நேரத்துக்குச் சாதாரணக் கூலி போதும் என்றது. காரணம் கேட்டால் ‘பொது நெருக்கடி’. அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. நோய்த்தொற்றால் வந்த பொருளாதார மந்தம் சட்டம் சொல்லும் பொது நெருக்கடி ஆகாது என்றதோடு, உழைத்தவர்களுக்கு ஓ.டி. பணத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொந்தளித்தன. மூன்றாம் நாளே அது நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நூறு ஆண்டுகளுக்கு முன், 1923-இல், சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இதே சென்னையின் கடற்கரையில்தான் என்பதைப் பலரும் அப்போது நினைவூட்டினார்கள்.

அப்படி வெளிச்சத்தில் நடக்கும் சண்டைகளில் ஊர் திரண்டுவிடுகிறது. வகுஎண்ணிலும் வரையறையிலும் நடப்பதற்கு ஊர்வலம் போக முடிவதில்லை.

ஆலைக்குள் நிலைமை இது என்றால், ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை வரிசை கட்டி நிற்கும் ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடைகளில் ஓ.டி. என்ற பேச்சே அபூர்வம். அங்கே செல்லுபடியாவது மாநில அரசின் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். புதிய தொகுப்புகள் அதைத் தொடவில்லை. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, ஓ.டி. சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. மிகை நேரத்துக்கு இங்கும் இரட்டைக் கூலி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை 24 மணி நேரமும் திறக்க 2019-இல் அரசு அனுமதி கொடுத்தபோது, ஓ.டி. உள்பட சம்பளத்தை ஊழியரின் வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தது. காலை பத்து மணிக்கு ஷட்டர் தூக்கும்போது உள்ளே போய், இரவு பத்து மணிக்குத் துணி மடித்து வைத்துவிட்டு விடுதிக்குத் திரும்பும் பெண்ணுக்கு, தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகள் எந்தக் கணக்கில் வருகின்றன? ‘இன்சென்டிவ்’ என்ற பெயரில் கொடுப்பது ஓ.டி. ஆகாது. உட்கார நாற்காலி வேண்டும் என்பதையே 2021-இல்தான் சட்டமாக்க முடிந்த துறை இது.

எல்லாவற்றையும்விடக் கொடிய கணக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் நிற்கிறது. பெருங்களத்தூரில், மேடவாக்கத்தில், வண்டலூரில் எந்த கேட்டைத் தாண்டினாலும் ஒரு செக்யூரிட்டி அண்ணன் சல்யூட் வைப்பார். ‘12 மணி நேர டூட்டி, மாதம் 15,000’ என்பது அங்கே பழகிப்போன பேச்சு. வார விடுமுறை எடுத்தால் சம்பளம் கட். இதைத் தலைகீழாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 30 நாள், நாளுக்கு 12 மணி நேரம். முதல் 26 நாளில் 8 மணி நேரம் வீதம் 208 மணி சாதாரண நேரம். அதற்கு மேல் நாளுக்கு 4 மணி வீதம் 104 மணி ஓ.டி., இரட்டித்தால் 208 மணிக் கூலி. மிச்சம் 4 வார விடுமுறை நாளில் 48 மணி, அதுவும் இரட்டித்து 96. ஆக, சட்டப்படி அவருக்குச் சேர வேண்டியது 512 மணி நேரக் கூலி. 15,000 ரூபாயை 512-ஆல் வகுத்தால் மணிக்கு 29 ரூபாய்ச் சொச்சம். எட்டு மணி நேர வேலைக்கு அவருடைய உண்மையான மாதச் சம்பளம் 6,094 ரூபாய்! அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குப் பக்கத்தில்கூட வராத தொகை. இவ்வளவு நேரம் வேலை வாங்கவே சட்டத்தில் இடமில்லை என்பது தனி. ஏஜென்சியோடு ஒப்பந்தம் போடும் குடியிருப்போர் சங்கத்தில் ஆடிட்டரும் இருப்பார், வக்கீலும் இருப்பார். மெயின்டனன்ஸ் தொகை சதுர அடிக்கு எத்தனை காசு ஏறும் என்பதில் அவர்கள் காட்டும் கணக்குத் திறமை இந்தப் பக்கம் திரும்புவதில்லை.

பீஸ் ரேட்டில் உழைப்பவர்களுக்கு ஓ.டி. கிடையாது என்ற நம்பிக்கை பல்லாவரம், நாகல்கேணிப் பக்கத்துத் தோல் வேலைகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. பழைய சட்டத்தில்கூட அது உண்மையில்லை. ஓ.டி. பார்த்த மாதத்துக்கு முந்தைய மாதம், அதே வேலையில், உண்மையில் வேலை செய்த நாட்களின் சராசரி வருமானத்தை நாள் கூலியாக வைத்துக் கணக்கிட வேண்டும் என்று 59-ஆவது பிரிவே வழி சொல்லியிருந்தது.

அப்புறம் நிமிடங்கள். விரல் ரேகை வைக்கும் மெஷின் வந்தபின் ஒரு நிமிடத் தாமதமும் பதிவாகிறது, அரை நாள் சம்பளம் பிடிக்கப்படுகிறது. மாலையில் 25 நிமிடம் கூடுதலாக நின்றால் மட்டும் ‘அரை மணி ஆகலையே’ என்று அது காற்றில் போகிறது. மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட வரைவு விதிகள், 15 நிமிடம் முதல் 30 நிமிடம் வரை இருந்தால் அரை மணியாகவும், அதற்கு மேல் போனால் ஒரு மணியாகவும் கொள்ளச் சொன்னன. தனியார் ஆலைகளுக்கு விதி எழுத வேண்டியது மாநில அரசு. ஆகவே பந்து இப்போது தலைமைச் செயலகத்தில்.

12 மணி நேர மசோதாவைத் திரும்பப் பெற்ற மாநிலம், அதே அக்கறையை இந்தச் சில்லறைக் கணக்கிலும் காட்ட வேண்டும். மணிக் கூலிக்கு வகுஎண் 26 நாள், 8 மணி நேரம் என்று விதியில் எழுதலாம். கணக்கு முறையை ஓர் எடுத்துக்காட்டோடு தமிழில் அச்சிட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லலாம். சம்பளச் சீட்டில் ‘ஓ.டி. தொகை’ என்று ஒற்றை வரி போடுவதற்குப் பதில் எத்தனை மணி நேரம், மணிக்கு என்ன விகிதம், எந்தத் தொகையிலிருந்து அது வந்தது என்ற மூன்றையும் காட்ட வைக்கலாம். படிகளை வெளியே தள்ளும் வரையறையை மாநில விதி மாற்ற முடியாது. அதற்கு நாடாளுமன்றம்தான் வழி. பேச்சுவார்த்தையில் பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) ஒப்பந்தம் போட்டுப் பழகிய தொழிற்சங்கங்கள், ‘ஓ.டி. மொத்தச் சம்பளத்தின் மேல்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவதை எந்தத் தொகுப்பும் தடுக்கவில்லை. சட்டம் சொல்வது குறைந்தபட்சம்; அதற்கு மேல் கொடுக்கத் தடை இல்லை.

சங்கம் இல்லாதவர்களுக்கு, நான்கு தொகுப்புகளில் இன்னொன்றான ஊதியத் தொகுப்பு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஊதிய நிலுவை கேட்டு மனுப்போட குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஆறு மாதம்தான் கெடு இருந்தது. இப்போது மூன்று ஆண்டு. கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் நிர்வாகத்தின் தலையில். நிலுவையோடு, அதைப்போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஆகவே ஷிஃப்ட் முடிந்து பஞ்ச் செய்யும் நேரத்தை மொபைலிலோ ஒரு சின்ன டைரியிலோ குறித்து வைப்பவரிடம் மூன்று ஆண்டுக்கான ஆதாரம் சேர்ந்துகொண்டிருக்கிறது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை, அடுத்த ஏழாம் தேதி சம்பளச் சீட்டு கைக்கு வரும்போது கேட்க வேண்டிய கேள்வி, “எவ்வளவு ஏறுச்சு?” என்பதோடு, “எந்தத் தொகையை எதால வகுத்தீங்க சார்?” என்பதும்.